பகல் கரண்டில் ஓடிய கிதார்

என் அண்ணன் இறந்த மறுநாள் காலையில் படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவன் நண்பர்கள் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு அவன் சிரிக்கிற படம். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே, சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே தெரிகிற அளவில், ‘ஸ்பீடு டெனி’. ல. டெனிசன் என்ற பெயர் அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்தது.

அடக்கத்துக்கு வந்த தூரத்து உறவினர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “வண்டி ஓட்டிக்கினு போய் அடிபட்டாராம்மா?” என்று கேட்டார். பேனரைப் பார்த்துவிட்டு அப்படி நினைத்திருக்கிறார். அண்ணன் வண்டியே ஓட்டியதில்லை. சைக்கிளைக்கூடப் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வருவான். இதயம் பலவீனமாகி, தூக்கத்தில் போனான். அது கிதாருக்கு வைத்த பேர் என்று சொன்னேன். அவர் முன்பைவிடக் குழம்பிப்போய் நாற்காலி தேடிப் போய்விட்டார்.

அவர் குழம்பியதில் தப்பில்லை. அந்தப் பேரை அண்ணனே ஒரு சமயம் வெட்கப்பட்டு உதறப் பார்த்தான். பிறகு அவனே அதைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டான். இரண்டும் நடந்தது 1991ஆம் வருஷத்தில்.

அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். ஒரகடம் பக்கம் இன்றைக்கு நிற்கிற கார் கம்பெனிகள் எதுவும் அன்று கிடையாது. மற்றவர்கள் நைட் ஷிஃப்ட் என்றால் முகம் சுளிப்பார்கள். அண்ணன் கேட்டு வாங்கிக்கொள்வான். காலையில் வந்து நாஸ்டா சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்கி எழுந்தால், மத்தியானம் முழுக்க வீடு அவனுடையது. அப்பா லாசர் மணிமங்கலத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தார். நான் தாம்பரத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்தோணிமேரி மட்டும் சமையலறையில் இருப்பாள். அவள் எதையும் தடுக்கிறவள் அல்ல.

அந்த மத்தியானங்களில் அண்ணன் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கேசட்டிலிருந்து. கூட வேலை செய்கிற ஒருவர் தாம்பரத்தில் ஏதோ ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து கொடுத்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தனியாகக் கிதார் வாசிக்கிறார். பாட்டு இல்லை, வேறு வாத்தியம் இல்லை. அட்டையில் அவர் பெயர்கூட எழுதவில்லை. ஆனால் கேசட் தொடங்கும்போது, அந்தக் காலத்துக் கடைகளின் வழக்கப்படி, கடைக்காரரின் சொந்தக் குரலில் ஓர் அறிவிப்பு வரும். கடைப் பெயரைச் சொல்லி, இருக்குமிடம் சொல்லி, ‘கேட்டு மகிழுங்கள்’ என்று முடியும். பிறகுதான் கிதார்.

அதில் முதல் உருப்படியை அண்ணன் ஒரு வருஷத்துக்கு மேல் துரத்தினான். கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, வாசித்து, மறுபடியும் ஓடவிட்டு. இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போய், சூடான டம்ளரைத் துணியில்லாமல் பிடிப்பான். ஒருநாள் கேசட்டோடு சேர்ந்தே, ஓர் இடம் விடாமல், அதே வேகத்தில் முழுவதையும் வாசித்து முடித்தான். அன்று மாலை நான் வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தான். “ஜெர்சி, புட்சிட்டேன்” என்றான்.

மெல்லிசைக் குழுவில் அவனுக்கு ஸ்பீடு டெனி என்ற பேர் வந்தது அதற்குப் பிறகுதான். குழுவை நடத்தியவர் யாக்கோபு அண்ணன். பகலில் தபால்காரர், மாலையில் கீபோர்டு. தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கல்யாணம், கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, எல்லாவற்றிலும் அவர் குழு வாசிக்கும். பாட்டுக்கு நடுவே வரும் இடைவெளி இசையில் அண்ணன் அந்த வெளிநாட்டுக்காரரின் வேகத்தைக் கொண்டுவந்து நுழைப்பான். விரல்கள் ஓடும். நடுவில் ஓர் இடத்தில் கிதாரின் மரத்தில் விரல் முட்டியால் ‘டக்’கென்று ஒரு தட்டு. உடனே விசில் பறக்கும். சின்னப் பிள்ளைகள் தெருவில் அவனைப் பார்த்தால் நாக்கால் ‘டக்’ என்று சொடுக்குவார்கள். அந்த ‘டக்’கும் கேசட்டில் இருந்ததுதான், அவன் எதையும் விட்டுவைக்கவில்லை.

விசில் அடிக்காத ஒரே ஆள் காந்திமதி அக்கா. குழுவின் பாடகி. குன்றத்தூரில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தார். வேகம் என்றால் என்ன, பிழை என்றால் என்ன என்று நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் பாட வருவார். அண்ணன் இடைவெளி இசையை வேகமாக முடித்தால், அந்த வேகத்தில்தான் சரணம் தொடங்கும். தபேலாவும் அவன் பின்னால் ஓடும். அவர் பாடியாக வேண்டும். அந்த வருஷம் மாசி மாதம் குன்றத்தூரிலேயே ஒரு கல்யாண வரவேற்பில், இரண்டாவது சரணத்தின் நடுவில் அவருக்கு மூச்சு முட்டியது. ஒரு வரி முழுக்கக் காற்றாகப் போயிற்று. முன்வரிசையில் அவருடைய தட்டச்சு மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் அண்ணனுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டும்போது அவர் அண்ணனிடம் வந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“டெனி, ஸ்பீடு வேணும்னா என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வா. ஹையர் பரீட்சைக்குக் கட்டி வுடறேன். பாட்டுல இன்னாத்துக்கு ஸ்பீடு?”

“ஜனங்க கேக்கறாங்கக்கா.”

“ஜனங்களா பாடறாங்க? நான்தான் பாடறேன். எனக்கு மூச்சு வுட எடம் எங்க வெச்ச நீ?”

அண்ணன் சிரித்து மழுப்பினான். அவர் சிரிக்கவில்லை. நேரே யாக்கோபு அண்ணனிடம் போய், இனி டெனி வாசிக்கிற மேடையில் தான் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாடகி இல்லாமல் குழு இல்லை. கிதார் இல்லாமல்கூட ஒப்பேற்றலாம். குன்றத்தூரில் பகலவன் என்று ஒரு பையன் நன்றாக வாசிக்கிறான் என்பதும் யாக்கோபு அண்ணனுக்குத் தெரியும். ஆனாலும் அவர் அண்ணனைச் சட்டென்று விட்டுவிடவில்லை. காந்திமதி அக்காவிடம் கெஞ்சி, இன்னும் ஒரே ஒரு நிகழ்ச்சி பார்ப்போம் என்று சம்மதம் வாங்கினார். அதிலும் அண்ணன் அக்காவின் பாட்டைக் கெடுத்தால், அப்புறம் பகலவன்தான்.

அண்ணனுக்கு அந்த மேடை எவ்வளவு பெரியது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தொழிற்சாலையில் அவன் ஒரு டோக்கன் எண். வீட்டில் பொறுப்பில்லாத மூத்த பிள்ளை. அந்தப் பலகை மேடையில்தான் அவன் டெனிசன். அது போய்விட்டால் என்ன செய்வான் என்று எனக்கே பயமாக இருந்தது.

அந்த ஒரு நிகழ்ச்சி சீக்கிரம் வரவில்லை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் போலீஸ். ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. கல்யாணங்கள் நாதஸ்வரத்தோடு சுருக்கமாக முடிந்தன. யாக்கோபு அண்ணனின் கீபோர்டு உறை மாட்டியபடியே கிடந்தது. கடைசியில் செப்டம்பரில், எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு அனுமதி கிடைத்தது. முதலில் கிதார் தனி உருப்படி, அடுத்து காந்திமதி அக்காவின் பாட்டுகள் என்று முடிவாயிற்று.

அண்ணன் அதை ஒரே வழியில்தான் புரிந்துகொண்டான். கேசட்டில் உள்ள முதல் உருப்படியைத் தனியாக, முழு வேகத்தில் வாசித்துக் கூட்டத்தை எழுப்பிவிட்டால், பிறகு அவனை யாரால் அனுப்ப முடியும்? மத்தியானங்களில் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினான்.

ஆகஸ்ட் கடைசியில் தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் பழுதாகி, எல்லோரையும் ஜெனரல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். எப்போதும் விளக்கு வைக்குமுன் ஷிஃப்டுக்கோ மேடைக்கோ கிளம்பிவிடுகிற அண்ணன், அதனால் முதல் தடவையாக ஒரு சாயங்காலம் முழுக்க வீட்டில் இருந்தான்.

அந்தக் கேசட்டை நான் கேட்பது சாயங்காலங்களில் மட்டும்தான். எனக்குக் கிதார் தெரியாது. விளக்கு வைத்த பிறகு, பாடம் எழுதும்போது அது ஓடினால் மனசு அடங்கும். அன்றும் போட்டேன். அண்ணன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன், வாசற்படியிலேயே நின்றான்.

“இன்னா ஜெர்சி, கேசட் இழுக்குது?”

எப்போதும் இப்படித்தானே ஓடும் என்றேன். பெல்ட் தளர்ந்திருக்கும் என்று சொல்லி டேப் செட்டைத் தட்டினான். நிறுத்தி, முதலிலிருந்து போட்டான். கடைக்காரரின் அறிவிப்பு வந்தது. அவன் முகம் மாறியது.

“இது யாரு?”

“கடைக்காரரு. வேற யாரு?”

“கடைக்காரனா? அந்தச் சின்னப் பையன் எங்க?”

எந்தச் சின்னப் பையன் என்று கேட்டேன். அறிவிப்புச் சொல்வது கடைக்காரரின் பத்து வயசுப் பையன் என்றுதான் ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் நினைத்திருந்தான். துறுதுறுவென்று பேசுகிற பையன், வளர்ந்தால் நல்ல அறிவிப்பாளனாக வருவான் என்று ஷிஃப்டில் சொல்லிச் சிரித்திருக்கிறானாம். நான் கேட்டதெல்லாம் சளி பிடித்த ஒரு நடுவயதுக்காரரின் குரல். ஒரே வீடு, ஒரே செட், ஒரே கேசட். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன் என்னைக் கேலி செய்கிறானோ என்று நானும், நான் அவனை என்று அவனும்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “இதுக்கு இன்னாத்துக்கு சண்டை? பகல்ல எல்லாம் வேகமாத்தான் ஓடும். ஃபேன் ஓடல?”

எங்கள் தெருவில் அப்போதெல்லாம் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். குண்டு பல்பு சிவப்பாகத் தெரியும். மின்விசிறியின் இறக்கைகளை எண்ணலாம். பகலில் எல்லோரும் வெளியே போன பிறகு கரண்டு முழுசாக வரும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அதை யாரும் ஒரு சங்கதியாக நினைத்ததில்லை.

அண்ணன் கேசட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதிக்கு நடந்தான். நானும் போனேன். மெக்கானிக் கோபாலின் கடையில் துபாயிலிருந்து வந்த நல்ல ஜப்பான் செட் ஒன்று, ஸ்டெபிலைசரில் மாட்டி ஓடிக்கொண்டிருக்கும். கரண்டு ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. அதில் போடச் சொன்னான். சளி பிடித்த நடுவயதுக்காரர் தெளிவாகப் பேசினார். பிறகு கிதார், எங்கள் வீட்டு சாயங்காலத்தைவிட ஒரு இழை வேகம், அவ்வளவுதான்.

கோபால் காரணத்தையும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா செட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வேலை முடிந்து வந்து ராத்திரி பக்திப் பாட்டுப் போட்டால், பாடுகிறவர் தூங்கி வழிகிறார் என்று புகார். அது ரிச்சி தெருவில் உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிய சாதாரண செட். கரண்டு குறைந்தால் மோட்டாரும் குறையும். கோபால் மோட்டாரின் பின்னால் இருக்கிற திருகைத் திருப்பி, குறைந்த வோல்டேஜிலும் ஏறக்குறைய சரியாக ஓடும்படி வைத்துக் கொடுத்துவிட்டார். சாயங்காலத்தில் மட்டும் பாட்டுக் கேட்கிற அப்பாவுக்கு அது போதும். முழுக் கரண்டு வருகிற மத்தியானத்தில் அதே செட் என்ன வேகத்தில் ஓடும் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த மத்தியானத்தில்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

கோபால் விழுந்து விழுந்து சிரித்தார். திருகை இப்போதே சரிசெய்து தருகிறேன் என்றார். அண்ணன், அது கிடக்கட்டும், மறுபடியும் ஒருமுறை போடுங்கள் என்றான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நடுவில் ஓரிடத்தில், வாசிப்பு நின்று ஒரு சின்ன அமைதி வந்தது. அந்த அமைதியில் ஒரு மெல்லிய சத்தம். அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். திருப்பிப் போடச் சொன்னான். மூன்றாம் முறை எனக்கும் புரிந்தது. அடுத்த வரியைத் தொடங்குமுன் அந்த வெளிநாட்டுக்காரர் மூக்கால் இழுத்த மூச்சு அது. மத்தியான வேகத்தில் அது சுருங்கி, ‘டக்’ என்று கேட்டிருக்கிறது. அண்ணன் அதை ஒரு வருஷத்துக்கு மேலாக முட்டியால் தட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், அவனைத் தேற்றுவதற்காக நான் சொன்னேன், அப்படிப் பார்த்தால் நீ அவரைவிட வேகமாக வாசிக்கிறாய், அவரையே தாண்டிவிட்டாய் என்று.

“தாண்டலம்மா,” என்றான். “அவரு போன எடத்துக்கு நான் போவவே இல்ல.”

திருவிழாவுக்கு அப்போது இரண்டு வாரம்கூட இல்லை. வேறு யாராவது என்றால் தெரிந்ததை வாசித்துவிட்டு வருவார்கள். கூட்டத்துக்கு என்ன தெரியப்போகிறது? அண்ணனால் அது முடியவில்லை. தொழிற்சாலையில் ஜெனரல் ஷிஃப்ட் தொடர்ந்தது. சாயங்காலங்களில் கிதாரை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு அதுவரை தெரியாத ஒன்றை அப்போது பார்த்தேன். அவனால் மெதுவாக வாசிக்க முடியவில்லை.

வேகமாக வாசிக்கும்போது ஒரு ஸ்வரம் நொண்டினாலும் அடுத்தது வந்து அதை மூடிவிடும். மெதுவாக வாசித்தால் ஒவ்வொன்றும் தனியே வந்து நிற்கிறது. தந்தியை மீட்டிய உடனே சத்தம் சாக ஆரம்பிக்கிறது. அடுத்தது வரும் வரைக்கும் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அழுத்திய விரலை லேசாக அசைத்து அசைத்துத்தான் அது முடியும். அண்ணனின் விரல் ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கும் தங்கியதே இல்லை. தங்கச் சொன்னால் நடுங்கியது. தாவிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. “லைன் ஓடும்போது டிஃபெக்ட் தெரியாது ஜெர்சி. நிறுத்திப் பாத்தாதான் தெரியும்” என்றான். ஒருநாள் கிதாரைக் கட்டிலில் போட்டுவிட்டு, பகலவனே வாசிக்கட்டும், நான் யாக்கோபு அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து சட்டையை மாட்டினான். அம்மா, கடைக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல், வரும்போது துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வா என்றாள். போனவன் துவரம்பருப்போடு திரும்பி வந்து, கிதாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். யாக்கோபு அண்ணன் வீட்டுப் பக்கமே அவன் போகவில்லை.

கடைசி இரண்டு மூன்று நாட்களில் ஏதோ இளகியது. அவனுக்கு உதவியது அந்த மூச்சுதான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த வெளிநாட்டுக்காரர் எங்கே மூச்சு இழுக்கிறார் என்று தேடி, அங்கே தானும் இழுத்தான். மூச்சு இருக்கும் வரைக்கும் வரி. மூச்சு முடிந்தால் வரி முடியும். அப்படி வாசித்தபோது விரல் அவசரப்படவில்லை.

திருவிழா அன்று கோயில் மைதானம் நிறைந்திருந்தது. மே மாதத்துக்குப் பிறகு ஜனங்கள் வெளியே வந்து உட்கார்ந்த முதல் நிகழ்ச்சி. பகலவன் குன்றத்தூரிலிருந்து வந்து, உறை போட்ட கிதாரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தான். யாக்கோபு அண்ணன்தான் வரச் சொல்லியிருந்தார். அண்ணன் அவனைப் பார்த்துத் தலையசைத்தான். காந்திமதி அக்கா மேடை ஓரத்தில் நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு.

அண்ணன் வாசிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கூட்டம் காத்திருந்தது. வேகம் இதோ வரும், இதோ வரும் என்று. வரவில்லை. முறுக்கு கடிக்கிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். பின்னாலிருந்து ஒருவர், “இன்னா டெனி, தூக்கம் வருதா? நைட் ஷிஃப்டா?” என்றார். மைதானம் சிரித்தது. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அண்ணன் தலையைத் தூக்கி அந்தத் திசையில் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, அதே வேகத்தில் தொடர்ந்தான்.

பிறகு அந்த இடம் வந்தது. அவன் நிறுத்தினான். முட்டி மரத்தில் விழவில்லை. எங்கோ ஒரு பிள்ளை அவனுக்காக நாக்கால் ‘டக்’ என்று சொடுக்கியது. உடனே நாலா பக்கமும் ‘டக்’, ‘டக்’. ஒரே சிரிப்பு. அண்ணன் காத்திருந்தான். சிரிப்பு தானாக ஓயும் வரைக்கும், கையைத் தந்திமேல் வைத்தபடி காத்திருந்தான். அவன் காத்திருப்பதைப் பார்த்து மற்றவர்களும் அடங்கினார்கள். மூச்சை இழுத்தான், மைக்கில் கேட்டது. அடுத்த ஸ்வரத்தை மீட்டினான். அந்த ஒரு சத்தம் மைதானத்தின் மேல் நீண்டு, ஆடி, மெலிந்து போய்க்கொண்டே இருந்தது. முறுக்குச் சத்தம் இல்லை. அது முடிந்த இடத்தில்தான் அடுத்தது தொடங்கியது.

முடித்தபோது விசில் வரவில்லை. கைதட்டினார்கள், அளவாக, சற்று யோசித்துவிட்டுத் தட்டுவதுபோல. அண்ணனின் கண் அந்தப் பக்கம் போகவில்லை. காந்திமதி அக்கா எழுந்து மைக்கருகே வந்துவிட்டிருந்தார். கட்டிய கைகள் எப்போது அவிழ்ந்தன என்று நான் பார்க்கவில்லை.

மாதா பாட்டு. பல்லவி, முதல் சரணம் ஒழுங்காகப் போயின. இடைவெளி இசை வந்தது. அண்ணன் ஓடவில்லை. இரண்டாவது சரணத்தின் நடுவில், குன்றத்தூரில் அவருக்கு மூச்சு முட்டிய அதே மாதிரியான நீள வரி. அதற்கு முன்னால் அண்ணன் கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டான். தபேலாக்காரர் திகைத்து நிறுத்தினார். ஒரு கணம் மேடையில் எதுவுமே ஒலிக்கவில்லை. காந்திமதி அக்கா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு அந்த வரியை எடுத்தார். அவர் அப்படிப் பாடி அதற்குமுன் நான் கேட்டதில்லை. என் பக்கத்தில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அது முடிந்ததும் பழைய கூட்டம் திரும்பி வந்தது. ஸ்பீடு, ஸ்பீடு என்று பின்வரிசை கேட்க ஆரம்பித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தந்தியைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தான். அந்தப் பேர் அவனுக்கு அப்போது அடி மாதிரி இருந்திருக்கும். தப்பாக ஓடிய ஒரு செட் வைத்த பேர்தானே. காந்திமதி அக்காதான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவன் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார். ‘வாசி டெனி. ஆனா மூச்சு வுட்டு வாசி’ என்றாராம். அண்ணன் பின்னால் சொன்னது.

வாசித்தான். அதே உருப்படி, மத்தியான வேகத்தில். விரல்கள் முன்பு ஓடிய மாதிரியே ஓடின. ஆனால் இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தது. எதை அவசரமாகச் சொல்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ‘டக்’ வர வேண்டிய இடத்தில் கையைத் தூக்கினான். மைதானம் முழுக்க நாக்கால் சொடுக்கியது. அவன் மூச்சிழுத்து, சிரித்துக்கொண்டே மறுபடியும் ஓடினான். விசில் அடித்தவர்களில் பகலவனும் ஒருவன். கிதார் உறையை அவன் கடைசி வரை பிரிக்கவே இல்லை.

இறங்கும்போது காந்திமதி அக்கா யாக்கோபு அண்ணனிடம் சொன்னதை நான் கேட்டேன். “வண்டி அதே ஸ்பீடுதான் போச்சு. ஆனா ஸ்டாப்புல நின்னு, ஆளை ஏத்திக்கினு போச்சு.” பிறகு, அடுத்த வார நிகழ்ச்சிக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அண்ணனைக் கேட்டார். அதுதான் தீர்ப்பு.

மறுநாள் திருவிழா விடுமுறை. நானும் மத்தியானம் வீட்டில் இருந்தேன். அண்ணன் கேசட்டைப் போட்டான். முழுக் கரண்டில் அந்தப் பத்து வயசுப் பையன் துறுதுறுவென்று எங்களைக் கேட்டு மகிழச் சொன்னான். இருவரும் சிரித்துச் சிரித்து, அம்மா திட்டும் வரைக்கும் நிறுத்தவில்லை. கோபால் கடைக்குச் செட்டை எடுத்துப் போகலாமா என்று கேட்டேன்.

“வேணாம். இருக்கட்டும்,” என்றான். “பகலுக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணு. ஒரே கேசட்ல ரெண்டு பேரு வாசிக்கறாங்க.”

அதற்குப் பிறகான அவன் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் இல்லை. ஸ்பிரிங் தொழிற்சாலை மூடியதும் ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனான். லைன் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றான். கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு பெண்கள். பகலவன் அடுத்த வருஷமே குழுவில் சேர்ந்து, முப்பது வருஷம் அவனோடு இரண்டாவது கிதார் வாசித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் கடைசி வரை அண்ணன் வாசித்தான். வேகமாகவும் வாசித்தான், மெதுவாகவும் வாசித்தான். வேகம் மட்டம், மெதுவே உசத்தி என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அடக்கத்தின்போது காந்திமதி அக்கா பாடினார். அதே மாதா பாட்டு. அவருக்கு இப்போது எழுபதை நெருங்கும். பகலவன் கிதாரோடு பக்கத்தில் நின்றான். இரண்டாவது சரணத்தில் அந்த வரி வந்ததும், அவன் கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டான். அக்காவுக்கு மூச்சு உடனே வரவில்லை. அழுகையை விழுங்க வேண்டியிருந்தது. பகலவன் அவரைப் பார்க்காமல், அவசரமில்லாமல், அண்ணன் அந்த மைதானத்தில் காத்திருந்த மாதிரி காத்திருந்தான். பிறகு அவர் எடுத்தார்.

முப்பதாம் நாளுக்கு வேறு பேனர் அடிக்கப்போகிறோம், அந்த ஸ்பீடை எடுத்துவிட்டு முழுப் பேரைப் பெரிதாகப் போட்டுவிடலாமா என்று பகலவன் நேற்று ஃபோனில் கேட்டான். உறவினர் ஒருவர் அவனிடமும் வண்டி விபத்தா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். யாராவது கேட்டால் நின்று பதில் சொல்ல நாம் இருக்கிறோமே.